ஹீரோவைக் கட்டிப்போட்ட தெரு

உதவி இயக்குநர்களாகச் சேர்ந்த சில நாட்களில் உங்களில் யாராவது ஒருவர் என்னைத் தேடி வந்துவிடுகிறீர்கள். டீ வாங்கிக் கொடுக்கிறீர்கள். இருமுகிறீர்கள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள்: “சார், டைரக்டர் தப்பு பண்றாருன்னு நமக்குத் தெரிஞ்சா என்ன செய்யணும்?”

ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் என் பதில். நான் கடைசிவரை இணை இயக்குநராகவே இருந்து ஓய்வு பெற்றவன். டைரக்டர்களின் தவறுகளைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. பாதித் தவறுகளை எடிட்டர் வெட்டிவிடுவார். மீதிப் பாதியை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள், அல்லது தியேட்டருக்கே வராமல் இருந்துவிடுவார்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் குடித்தால் போதும்.

ஆனால் வாயைத் திறந்தே ஆக வேண்டிய நேரம் ஒன்று உண்டு. அது எப்போது வரும், எப்படி வரும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தர முடியாது. எனக்கு அது காஞ்சிபுரத்தில், பட்டுக் கடைத் தெருவில், ஒரு முற்பகலில் வந்தது.

படத்தின் பெயர் வேண்டாம். காதல் த்ரில்லர். கதாநாயகன் ஒரு பட்டுக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணைப் பார்க்கிறான், பார்த்ததும் மயங்குகிறான். அவள் வேண்டாம் என்கிறாள். அவன் பின்தொடர்கிறான். அவள் வீட்டுக்கு எதிரிலேயே குடிவருகிறான். அவள் தோழிகளை ஒவ்வொருவராக விரட்டுகிறான். கடைசியில் தன்னையே குத்திக்கொண்டு அவள் மடியில் விழுகிறான். அவள் அழுதுகொண்டே “உன் காதலைப் புரிஞ்சுக்காம போயிட்டேனே” என்கிறாள். படம் முடிகிறது.

நம் டைரக்டர் சின்ன வயது. தங்கமான பிள்ளை, யாரையும் அதட்டமாட்டார். கதையைக் கேட்டதும் நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“இந்தக் கதையில அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும் தம்பி?”

“அவனோட காதல்தாண்ணே.”

“அதைத்தான் வேணாங்குதே.”

“அதுதாண்ணே த்ரில்லர்.”

நான் தண்ணீர் குடித்தேன்.

நம் டைரக்டருக்கு ஒரு கொள்கை இருந்தது. ஜனங்கள் கேமராவைப் பார்த்தால் நடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆகவே கேமரா அவர்கள் கண்ணில் படவே கூடாது. பெரிய காஞ்சிபுரத்தின் நெரிசலான கடைத்தெருவில், யாருக்கும் தெரியாமல் ஒரு காட்சியை எடுக்க வேண்டும் என்றார். கதாநாயகி கடையிலிருந்து வெளியே வருவார். கதாநாயகன் பின்னாலேயே போய் அவர் கையைப் பிடிப்பான். அவர் கெஞ்சுவார், உதறிவிட்டு ஓடுவார். இவ்வளவுதான் காட்சி.

போலீசில் அனுமதி வாங்கினோம். பட்டுக் கடை முதலாளியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னோம். தன் கடையின் பெயர்ப் பலகை படத்தில் தெரிந்தால் கடவுளிடம்கூட ரகசியம் காப்பேன் என்று அவர் சத்தியம் செய்தார். தன் கடை விற்பனைப் பெண்கள் கட்டும் பச்சைச் சீருடைப் புடவை ஒன்றையும் கதாநாயகிக்குக் கொடுத்தார். தெருவில் வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு கேமரா திரை போட்ட வேனுக்குள். இன்னொன்று எதிர் லாட்ஜ் மொட்டை மாடியில். ஆங்காங்கே நம் துணை நடிகர்கள்: கொய்யா வண்டிக்காரராக ஒருவர், புடவை வாங்க வந்த தம்பதியாக இருவர், ஆட்டோ டிரைவராக ஒருவர். நான் ஒரு மஞ்சள் பையும் காதில் இயர்ஃபோனுமாக ஜவுளி வாங்க வந்த பெரியவர்.

கதாநாயகனை மகிழன் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் ஓரளவு பெயர் வரத் தொடங்கியிருந்தது. நிஜத்தில் மிகவும் சாது. செட்டில் வேலை பார்க்கும் பெண்கள் காலை வணக்கம் சொன்னால்கூடத் தரையைப் பார்த்துப் பதில் சொல்வார். காதல் முற்றிய கட்டம் என்பதால் அவருக்கு ஒட்டுத் தாடி வைத்து, கசங்கிய நீலச் சட்டை மாட்டியிருந்தார்கள். காதல் முற்றினால் தாடி வரும் என்பது நம் ஒப்பனைக் கலைஞர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

கதாநாயகி அன்விதா. புனேக்காரர். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் உழைப்பாளி. மொத்த வசனத்தையும் தேவாரம் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டு வந்தார். உச்சரிப்பு நம் ஊர்ப் பெண்களைவிடச் சுத்தம். சிக்கல் என்னவென்றால், அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தமும் அந்த வசனம்தான். அது முழுக்க, துரத்தப்படுகிற ஒரு பெண்ணின் தமிழ். முதல் நாள் சாப்பாட்டில், சாம்பார் போதும் என்று சொல்ல நினைத்து, பரிமாறியவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, “தயவுசெஞ்சு என்னை விட்டுடுங்க” என்றார். அந்த மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் ஓடிவந்து, “சார், நான் ஒண்ணுமே பண்ணல சார்” என்றார்.

காட்சி தொடங்கியது. அன்விதா கடையை விட்டு இறங்கினார். மகிழன் பின்தொடர்ந்தார். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கொய்யா வண்டி அருகே அவர் அன்விதாவின் மணிக்கட்டைப் பிடித்து, “நீ இல்லாம நான் இல்ல” என்று சொன்ன அந்த விநாடியில், எதிர்க் கடையிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்தார்.

அவர் பெயர் மும்தாஜ். பிளவுஸ் தைத்து ஆரி வேலை செய்து தரும் கடை வைத்திருக்கிறார். கல்யாணச் சீசனில் அவர் கடை வாசலில் மணப்பெண்களின் தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பும் கையிலிருந்த பெரிய கத்தரிக்கோலும்தான்.

“டேய்! கையை வுட்ரா!”

மகிழன் கையை விட்டுவிட்டார். சாது என்று சொன்னேன் அல்லவா. அதற்குள் மும்தாஜ் அவர் காலரைப் பிடித்துவிட்டார். கடையிலிருந்த பெண்களும் ஊசியும் கையுமாக வெளியே வந்துவிட்டார்கள்.

“எத்தினி நாளா உன்னைத் தேடிக்கினு இருக்கோம் தெரியுமாடா? நீலச் சட்டை, தாடி! அதே ஆளுதான். இன்னாடா, தேனுவ வுட்டுட்டு இப்ப இந்தப் புதுப் பொண்ணு பின்னாடியா?”

தேனு யார் என்று எனக்கோ மகிழனுக்கோ தெரியாது. மகிழன் கெஞ்சினார்: “அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் ஹீரோ.”

“ஆமா, எல்லாப் பசங்களும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு திரியுறாங்க.”

அவர் சொல்லிக்கொண்டே உலுக்கிய உலுக்கில் ஒட்டுத் தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. தெருவே ‘ஹா’ என்றது.

“யா அல்லா! வேஷம் வேற போட்டுக்கினு வந்திருக்கான் பாருங்க!”

அன்விதாவுக்கு விபரீதம் புரிந்துவிட்டது. பாவம், மகிழனைக் காப்பாற்ற முன்னால் வந்தார். மனதுக்குள் வசனங்களைப் புரட்டியிருப்பார் போல. மகிழனைக் காட்டி, கண்ணீரோடு, சுத்தமான உச்சரிப்பில் சொன்னார்:

“காப்பாத்துங்க! எங்க போனாலும் இவன் என்னை விடமாட்டேங்கிறான்!”

அதன்பிறகு மும்தாஜுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. மும்தாஜ் கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பைக் கழற்றி மகிழனின் இரண்டு கைகளையும் பின்னால் கட்டி, தையல் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதில் உட்கார வைத்துவிட்டார்.

என் காதில் டைரக்டரின் குரல் கேட்டது. பரவசத்தில் மூச்சு வாங்கியது. “அண்ணே! பாருங்கண்ணே அந்த ரியாக்‌ஷனை! எந்த நடிகர் தருவாங்க இதை? யாரும் கிட்டப் போகாதீங்க. நான் கட் சொல்லல.”

“தம்பி, அவரைக் கட்டிப் போட்டுட்டாங்க.”

“தெரியுதுண்ணே. குளோசப்புல இருக்கேன்.”

நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். மும்தாஜிடம் போய், “அம்மா, இது சினிமா ஷூட்டிங். இவர் நடிகர்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஷூட்டிங்கா? கேமரா எங்க?”

“அதோ, அந்த வேனுக்குள்ள” என்று திரும்பிக் காட்டினேன். நான் காட்டியதும் வேனின் திரை இழுத்து மூடப்பட்டது. எஞ்சின் உறுமியது. வேன் நாலடி முன்னால் நகர்ந்து ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. டைரக்டர் தன் காட்சியைக் காப்பாற்றிக்கொள்கிறாராம்.

மும்தாஜின் குரல் தணிந்தது. அதட்டலைவிட அது மோசமாக இருந்தது. “பெரியவரே, நீங்க இவனோட அப்பாவா?”

“இல்லம்மா—”

“பார்த்தா படிச்சவரு மாதிரி இருக்கீங்க. புள்ளைய இப்பிடியா வளர்க்குறது? அது பத்தாதுன்னு பொய் சொல்லிக் கூட்டிக்கினு போவ வேற வந்துட்டீங்க. வெக்கமா இல்ல?”

சுற்றியிருந்த பெண்கள் என்னை வருத்தத்தோடு பார்த்தார்கள். மகிழனும் என்னை அப்படியே பார்த்தார். ஒரு கணம் எனக்கே நான் சரியாக வளர்க்கவில்லையோ என்று தோன்றிவிட்டது.

இதுவரை சிரிக்கலாம். சிரிப்பு நின்றது எப்போது என்றால், ஆண்கள் வந்தபோது. பெண்கள் பிடித்துக் கட்டி உட்கார வைத்த பிறகுதான் நம் ஆண்களுக்கு வீரம் வரும். இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கையில், கடை ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பி. “இவனுங்களுக்கெல்லாம் பேச்சு உதவாதும்மா, நவுருங்க” என்று அவர் கம்பியை ஓங்கினார். மகிழன் கண்ணை மூடிக்கொண்டார். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. முகத்தை மறைக்கக்கூட வழியில்லை.

என் காதில் டைரக்டர், “அண்ணே, இன்னும் ஒரு செகண்டு...” என்றார்.

உங்களுக்குத் தெரியும், ஒரு செட்டில் ‘கட்’ சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு. அந்த ஒருவர் தவிர வேறு யார் சொன்னாலும் அது கோவிலுக்குள் செருப்போடு போவது மாதிரி. என் தொழில் வாழ்க்கையில் அதற்கு முன் ஒருமுறைகூட நான் அதைச் செய்ததில்லை.

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். “கட்! எல்லாருக்கும் டீ பிரேக்!”

நம் துணை நடிகர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பூகம்பத்திலும் அவர்கள் காதில் விழும் சொல் அது ஒன்றுதான். கொய்யா வண்டிக்காரர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, “வடை உண்டா சார்?” என்று கேட்டபடி நடந்தார். புடவைத் தம்பதி பிடித்திருந்த கைகளை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஆட்டோ டிரைவர் காக்கிச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருவின் ஒரு பகுதி கழன்று டீக்கடை நோக்கிப் போயிற்று. கம்பி அந்தரத்தில் நின்றது. அதைப் பிடித்திருந்தவர் சுற்றுமுற்றும் பார்த்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

மும்தாஜ் மட்டும் கொய்யா வண்டியையே வெறித்துப் பார்த்தார்.

“அந்தாளும் நடிப்பா? காலையில அவருகிட்ட அவ்வளவு நேரம் பேரம் பேசினேனே! கடைசி வரைக்கும் கொறைக்கவே இல்லியே!”

“அவர் நல்ல நடிகர்மா” என்றேன்.

டைரக்டர் வேனிலிருந்து குதித்து ஓடிவந்தார். என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். பிறகு மகிழனின் கட்டிய கைகளைப் பார்த்தார். அந்தக் கம்பியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. வேனுக்குள் அவர் பார்த்த மொட்டை மாடிக் கேமராவின் படத்தில் அந்தக் கம்பி சட்டகத்துக்கு வெளியே இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. குளோசப்பில் இருக்கிறவருக்கு அக்கம்பக்கம் தெரியாது. அதனால்தான் வெளியே ஒருவரை நிறுத்தி வைக்கிறார்கள். அந்த ஒருவர் சில நாள் நீங்களாக இருப்பீர்கள்.

மும்தாஜுக்கு விஷயம் புரிந்ததும் அவரே கட்டை அவிழ்த்தார். மகிழனின் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டார். “மன்னிச்சுக்கோ பேட்டா. ரொம்ப நல்லா நடிச்சுக்கினு இருந்தே, அதான்” என்றார். மகிழனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் உண்மையான விமர்சனம் அது என்று நினைக்கிறேன். தரையைப் பார்த்து நன்றி சொன்னார்.

நான் மும்தாஜிடம் கேட்டேன்: “தேனுன்னு சொன்னீங்களே, யாரும்மா அது?”

தேன்மொழி அந்தப் பட்டுக் கடையில் வேலை பார்க்கும் பெண். மாகறலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். சில மாதங்களாக ஒருவன் பின்தொடர்ந்துகொண்டிருந்தான். நீலச் சட்டை, தாடி, பைக். பஸ்ஸின் பின்னாலேயே வருவான். கடை வாசலில் நிற்பான். வீட்டில் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டு எங்கேயாவது கட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து, அந்தப் பெண் மும்தாஜிடம் மட்டும் சொல்லியிருந்தார். பச்சைப் புடவையைப் பின்னாலிருந்து பார்த்ததும் மும்தாஜ் அது தேன்மொழி என்றே நினைத்து இறங்கியிருக்கிறார்; கிட்டே வந்த பிறகுதான் வேறு பெண் என்று தெரிந்ததாம்.

“சரி, உங்க கதை இன்னா?” என்று டைரக்டரிடம் கேட்டார். டைரக்டர் உற்சாகமாகச் சொன்னார். கையை ஆட்டி, கண்ணை மூடி, முடிவுவரை சொன்னார். மும்தாஜ் நூலைக் கோத்தபடியே பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப கடைசில அந்தப் பொண்ணு அவனை ஒத்துக்குதா?”

“அது காதலோட ஆழம்மா.”

“எங்க தேனுக்கு பயத்துல தொண்டையில சோறு எறங்கலப்பா. ஆழத்துல கெடக்கறது அவன் காதல் இல்ல, அந்தப் பொண்ணு.”

டைரக்டர் கையிலிருந்த சீன் பேப்பரைச் சுருட்டினார். ‘அதுதாண்ணே த்ரில்லர்’ என்று சொல்லாதவரைக்கும் நல்லது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மதியம் மகிழன் கேரவனுக்கு வெளியே நாற்காலி போட்டு, தாடி பிய்ந்த கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். ஓர் இளைஞன் வந்தான். மழமழவென்று சவரம் செய்த முகம், நெற்றியில் சந்தனம், மடிப்புக் கலையாத புதுச் சட்டை. கையில் ஒரு குளிர்பானம். ரசிகன் போல என்று நான் தடுக்கவில்லை. அவன் மகிழனின் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.

“அண்ணே, பார்த்துக்கினுதான் இருந்தேன். மனசு ஆறலண்ணே. உண்மையாக் காதலிக்கிறவன இந்த ஊரு புரிஞ்சுக்காது.”

“நான் நடிச்சேன் பிரதர்” என்றார் மகிழன்.

“நீங்க நடிக்கறீங்க, நான் வாழ்ந்துக்கினு இருக்கேண்ணே. இதே கடைதான். பட்டுக் கடைப் பொண்ணு. பார்க்கவே மாட்டேங்குது. உங்க படத்துல கடைசில ஒத்துக்குதாமே? டீக்கடையில பேசிக்கினாங்க. அதைக் கேட்டதும்தாண்ணே எனக்கு உயிரே வந்துச்சு.”

ஐஸ் மகிழனின் கையிலிருந்து நழுவியது. அவன் தொடர்ந்தான்.

“இன்னிக்கு சாயங்காலம் முடிவு பண்ணிட்டேன். மாகறல் பஸ்ஸுல, எல்லார் முன்னாடியும். கட்டிட்டா அப்புறம் யாரு இன்னா பண்ண முடியும்?” என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். மஞ்சள் கயிறு. அதில் பொட்டுத் தாலி.

மகிழன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவர் எந்தப் படத்திலும் இதுவரை நடித்ததில்லை.

யோசிக்க நேரமில்லை. பிடித்துக்கொண்டு கத்தியிருக்கலாம். நாலு பேர் அடித்திருப்பார்கள். அவன் அடிபட்ட காதலன் ஆகியிருப்பான்; நாளைக்குத் தலையில் கட்டோடு வந்து அதே பஸ் ஸ்டாப்பில் நிற்பான். ஆதாரம் என்று எதுவும் இருந்திருக்காது. நான் அவன் தோளில் கை போட்டேன்.

“தம்பி, முகவெட்டு பிரமாதமா இருக்குதே. நடிப்பியா? எங்க டைரக்டரு புதுமுகம் தேடிக்கிட்டிருக்காரு. இப்ப சொன்னியே, அதையே அப்பிடியே கேமரா முன்னாடி சொல்லு.”

அவன் முகம் மலர்ந்தது. “மேக்கப் போடணுமா சார்?”

“லேசா.”

கேமராவை வைத்தோம். டைரக்டரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். மகிழனை மும்தாஜ் கடைக்கு அனுப்பினேன், போலீசுக்கும் போன் செய்யச் சொல்லி. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, பேச ஆரம்பித்தான். பெயர், ஊர், அந்தப் பெண்ணின் பெயர், அவர் ஏறும் பஸ், இறங்கும் இடம், எந்த நாள் எங்கே நின்றான், யாரிடம் அவரைப் பற்றி என்ன சொன்னான், எல்லாவற்றையும் பெருமையோடு சொன்னான்.

“வேணாம்னு அது வாய்தான் சொல்லுது சார். கண்ணு வேற சொல்லுது” என்றான்.

டைரக்டர் என் பக்கம் சாய்ந்தார். “அண்ணே, இது என் வசனம். சீன் பேப்பர்ல அப்படியே இருக்கு.”

“அவன் உங்க பேப்பரைப் படிச்சிருக்க முடியாது தம்பி.”

“அதாண்ணே பயமா இருக்கு.”

மும்தாஜ் தேன்மொழியை அழைத்துக்கொண்டு பின்பக்கமாக வந்துவிட்டார். மானிட்டர் ஒரு படுதாவுக்குப் பின்னால் இருந்தது. தேன்மொழி மெலிந்த பெண். திரையில் அவனைப் பார்த்ததும் மும்தாஜின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “தாடிய எடுத்துட்டான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மும்தாஜ் கத்தரிக்கோலோடு கிளம்பினார். நான் குறுக்கே நின்றேன்.

“அடிச்சா அவன் பாவம்னு ஆயிடுவாம்மா. பேச விட்டா, அவனே மாட்டிக்குவான். கொஞ்சம் பொறுங்க.”

அவர் மூச்சை இழுத்துவிட்டு நின்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதைக் கத்தரிக்கோல் திறந்து மூடிய சத்தத்தில் கேட்டேன்.

அவன் சொல்லி முடித்துவிட்டான். போலீஸ் இன்னும் வரவில்லை. டைரக்டர், அதட்டவே தெரியாத அந்தப் பிள்ளை, முன்னால் போய் நின்றார். “சூப்பர் பிரதர். ஒன் மோர்.”

மறுபடி சொன்னான். இந்த முறை கொஞ்சம் கண்ணீரும் வரவழைத்தான். “பின்னாடி காக்கா கத்திடுச்சு. ஒன் மோர்” என்றார் டைரக்டர். அடுத்த முறை வெளிச்சம் சரியில்லை. அதற்கடுத்த முறை “தாலியக் கொஞ்சம் மேல தூக்கிக் காட்டுங்க, போக்கஸ் கிடைக்கல.” அவனும் சளைக்கவில்லை. டேக்குக்கு டேக் புதுப்புது விவரங்களைச் சேர்த்துக்கொண்டே போனான். எனக்குத் தெரிந்து இத்தனை முறை ரீடேக் கேட்டும் முகம் சுளிக்காத ஒரே நடிகன் அவன்தான்.

மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஜீப் வந்தது. இரண்டு பெண் காவலர்கள் இறங்கி, படுதாவுக்குப் பின்னால் தேன்மொழியிடம் பேசிவிட்டு, நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்தார்கள். அவன் எழுந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

“இந்த சீனும் உண்டா சார்? சொல்லவே இல்லியே! மேடம், யூனிஃபார்ம் அப்பிடியே ஒரிஜினல் மாதிரி இருக்குது.”

“ஏறு” என்றார் ஒரு காவலர்.

“வசனம் ஏதாவது இருக்குதா சார் எனக்கு?”

“இனிமேதான் நெறைய இருக்குது” என்றார் இன்னொருவர்.

கையை ஆட்டிக்கொண்டே ஏறினான். ஜீப் தெருமுனையில் திரும்பும்போதுதான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “சார்! கட் சொல்லுங்க சார்!” என்று கத்தினான். டைரக்டர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் சொல்லவில்லை.

அந்தப் பதிவைக் காவல் நிலையத்தில் கொடுத்தோம். தேன்மொழி புகார் எழுதிக் கொடுத்தார். அவருடைய அப்பாவை வரவழைத்தார்கள். விவசாயி, அதிகம் பேசாத மனிதர். மகளைக் கூட்டிக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போய்விடத்தான் வந்திருந்தார். மும்தாஜ் அவரை வழிமறித்து உட்கார வைத்தார். “தப்பு பண்ணது அவன், வூட்டுல அடைஞ்சு கெடக்கறது உங்க பொண்ணா? இது எந்த ஊரு நியாயம்ணா?” அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில், “வேலைக்கு வரட்டும்மா. நீங்க பார்த்துக்கோங்க” என்றார்.

நம் டைரக்டர் அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. முடிவை மாற்றப் போகிறேன் என்றார். தயாரிப்பாளர் போனில் கத்தினார். கதாநாயகி கதாநாயகனைக் கத்தியால் குத்துவதாக டைரக்டர் ஒரு முடிவு எழுதினார். போலீஸ் சுடுவதாக இன்னொன்று எழுதினார். எதுவும் அவருக்கே பிடிக்கவில்லை. திருமுக்கூடல் ஆற்று மணலில் மற்ற காட்சிகளை எடுத்துவிட்டுத் திரும்பிய மறுநாள், என்னையும் அழைத்துக்கொண்டு பட்டுக் கடைக்குப் போனார். தேன்மொழி புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அவனை என்ன பண்ணினா சரியா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க” என்றார் டைரக்டர்.

தேன்மொழி யோசித்தார். “அவனை இன்னா வேணா பண்ணுங்க சார். அந்தப் பொண்ணு மறுநாள் இன்னா பண்ணுச்சு?”

டைரக்டர் என்னைப் பார்த்தார். அத்தனை பக்கம் எழுதியவருக்கு அது தெரியவில்லை.

“நீங்க என்ன பண்ணீங்க?”

“பஸ்ஸுல தூங்கினேன் சார்” என்றார் தேன்மொழி. கொஞ்சம் வெட்கப்பட்டார். “அவன் பின்னாடி வர ஆரம்பிச்சதிலேர்ந்து பஸ்ஸுல கண்ண மூடினதே இல்ல. அன்னிக்கு ஏறி உக்காந்ததும் தூங்கிட்டேன். எங்க ஊரு தாண்டிப் போயிட்டேன். கண்டக்டரு திட்டினாரு.”

அதைத்தான் எடுத்தோம். வாடகை பஸ், ஜன்னலோர இருக்கை, வெளியே ஓடும் வயல்கள். வசனம் கிடையாது என்பதால் அன்விதாவுக்கு நிம்மதி. நாள்கணக்கில் ஓடியாடிய களைப்பு வேறு. கேமரா ஓடத் தொடங்கியதும் நிஜமாகவே வாய் திறந்து தூங்கிவிட்டார். டைரக்டர் வெகுநேரம் கட் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் சும்மா நின்றேன். அந்த நேரத்தில் எதையும் சொல்லாமல் இருப்பதுதான் என் வேலை என்று தெரிந்திருந்தது.

படம் சுமாராக ஓடியது. கிளைமாக்ஸ் புரியவில்லை என்று எழுதினார்கள். காஞ்சிபுரத்தில் படம் வெளியான அன்று நானும் தியேட்டருக்குப் போயிருந்தேன். முன்னால் சில வரிசைகள் முழுக்க அந்தக் கடைத்தெருப் பெண்கள். நடுவில் மும்தாஜ், பக்கத்தில் தேன்மொழி. இடைவேளைக்குப் பிறகு ஒரே விசில், கூச்சல். கடைசிக் காட்சி வந்தது. அந்தப் பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறார். பஸ் போய்க்கொண்டே இருக்கிறது. சண்டை ஏதும் வராது என்று தெரிந்ததும் பையன்கள் சலித்துக்கொண்டு, நாற்காலிகளைத் தடதடவென்று மடக்கிவிட்டு எழுந்தார்கள்.

மும்தாஜ் இருக்கையிலிருந்து எழுந்து நின்று திரும்பினார்.

“மெதுவாப் போங்கடா. பொண்ணு தூங்குது.”